மிதக்கும் வீடு கலமாகுமா?

வணக்கம். புளோரிடாவில் மிதக்கும் வீட்டில் இருக்கிறீர்கள், வாடகைப் பாக்கிக்காக "இது கலம்தான் (கப்பல், படகு போல), கடல்சார் சட்டப்படி ஜப்தி செய்வேன்" என்று படகுத்துறைக்காரர் மிரட்டுகிறார் என எழுதியிருந்தீர்கள்.

அவர் சொல்வதாலேயே அது கலமாகிவிடாது. 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்த லோஸ்மேன் வழக்கு கிட்டத்தட்ட உங்கள் கதைதான். லோஸ்மேன் என்பவருக்கு 60 அடிக்கு 12 அடியில் மிதக்கும் ஒட்டுப்பலகை வீடு. சுக்கான் இல்லை, எஞ்சின் இல்லை, பிரெஞ்சுக் கதவு மட்டும் உண்டு. ஒருமுறை சுமார் 200 மைல்கூட இழுத்துப் போயிருக்கிறார்கள். ஆனாலும் 7-க்கு 2 என்று, கலம் அல்ல எனத் தீர்ப்பு வந்தது. துவைக்கும் மரத்தொட்டியும் கழற்றிய கதவும்தான் மிதக்கும், இழுத்தால் நகரும். அதற்காக அவை கலமா என்பது தீர்ப்பை எழுதிய நீதிபதி பிரேயரின் வாதம். (எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.) அமைப்பையும் பயன்பாட்டையும் பார்க்கிற சாதாரண மனிதருக்கு, ஆளையோ பொருளையோ நீரில் ஏற்றிச் செல்வதற்காகச் செய்தது என்று தோன்ற வேண்டும். அதுதான் அளவுகோல்.

சுயமாக ஓடாததெல்லாம் தப்பிவிடும் என்றும் நினைக்காதீர்கள். நங்கூரக் கயிற்றை இழுத்து சிறிது சிறிதாக நகர்ந்த தூர்வாரும் மிதவையை 2005-இல் அதே நீதிமன்றம் கலம் என்றது. ஆட்களையும் கருவிகளையும் சுமந்ததே காரணம்.

சரி, உங்கள் வீட்டில் மோட்டாரோ ஸ்டியரிங்கோ இருக்கிறதா? இருந்தால் நிலைமை வேறு. இல்லையென்றால் நாலாபக்கமும் படம் எடுத்துக்கொண்டு கடல்சார் வழக்கறிஞரைப் பாருங்கள். பாக்கி மட்டும் எப்படியும் பாக்கிதான். அதற்கு அவர் மாநில நீதிமன்றம் போகலாம்.