பகடைக் கணக்கு: முதல் 4ஐ ஏன் விடணும்

தம்பி, கோலாலம்பூர் இன்டர்வியூவில் பகடையை மூன்று தடவை வரை உருட்டலாம், நிறுத்தும்போது இருக்கும் எண்தான் வெள்ளியில் (ரிங்கிட்டில்) பரிசு, இந்த ஆட்டத்தின் நியாய விலை, அதாவது சராசரியாகக் கிடைக்கும் தொகை, என்ன என்று கேட்டதற்கு 4.625 சொல்லியிருக்கீங்க. முதல் உருட்டிலேயே 4ஐ வைத்துக்கொண்டதுதான் சறுக்கல்.

கடைசியிலிருந்து பின்னோக்கி வாங்க. ஒரே உருட்டு மிச்சமென்றால் சராசரி 3.5. இரண்டென்றால் 4, 5, 6க்கு நிறுத்தணும்: பாதி வாய்ப்பில் 5, பாதியில் 3.5, ஆக 4.25. இப்போ முதல் உருட்டில் விழுந்த 4 இந்த 4.25ஐ விடக் குறைவு இல்லையா? தூக்கிப் போடுங்க. 5, 6 மட்டும் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு 5.5, மிச்சம் 4.25. விடை 4.67.

அடுத்து, இந்த ஆட்டத்தை என்ன விலைக்கு வாங்குவீங்க, என்ன விலைக்கு விற்பீங்க என்று கேட்பாங்க. 4.60க்கு வாங்குவேன், 4.75க்கு விற்பேன் என்று சொல்லுங்க. விடை தெரிந்தும் 4க்கு வாங்குவேன், 5.50க்கு விற்பேன் என்று இடைவெளியை அகலமாக விட்டால் பயந்தாங்கொள்ளி என்றுதான் நினைப்பாங்க.