ஜீப்பை உயர்த்தியபின் அதிர்கிறது. ஷாஃப்ட் கோணத்தை எப்படிப் பார்ப்பது?

ஸ்பிரிங் மாற்றி 2 அங்குலம் உயர்த்திய ஃபோர் வீல் ஜீப் 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் அதிர்கிறது என்கிறீர்கள். வீல் பேலன்ஸ் சரியென்றால் என் சந்தேகம் பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) மேல்தான்.

ஜாக்கியில் தூக்கி அளக்காதீர்கள். ஆக்சில் தொங்கினால் கோணமே மாறிவிடும். சமதரையில், வண்டி சக்கரத்திலேயே நிற்கட்டும். காந்தக் கோணமானியை டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) ஃபிளாஞ்ச், அதாவது ஷாஃப்டின் முன்முனை சேரும் வட்டத் தகடு, ஷாஃப்ட், பின்முனை ஆக்சிலில் சேரும் பினியன் ஃபிளாஞ்ச் மூன்றிலும் வையுங்கள். (ஃபிளாஞ்ச் முகம் ஷாஃப்டுக்குக் குறுக்கே செங்குத்தாக நிற்கும், அங்கே வரும் அளவில் அந்த 90 டிகிரி வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்க மறக்காதீர்கள்.) ஃபிளாஞ்சுக்கும் ஷாஃப்டுக்கும் உள்ள கோண வித்தியாசம்தான் அந்த முனை மடங்கும் கோணம். முன்முனையில் ஷாஃப்ட் மடங்கும் கோணமும் பின்முனையில் மடங்கும் கோணமும் 1 டிகிரிக்குள் ஒத்துவர வேண்டும்.

காரணம், மடங்கிய கிராஸ் ஜாயின்ட் (ஷாஃப்டின் முனையில் இருக்கும் சிலுவை வடிவ மூட்டு) ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தை இருமுறை கூட்டிக் குறைக்கும். மறுமுனையும் அதே அளவு மடங்கினால்தான் அந்த ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சரிக்கட்டும். ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள யோக் (ஜாயின்டைப் பிடிக்கும் கவை) இரண்டும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கழற்றி மாட்டும்போது ஸ்பிளைனில் (ஷாஃப்டின் இரு துண்டுகளும் பல்லாகச் செருகும் இடம்) பல் தள்ளி மாட்டுவது நம் ஒர்க்ஷாப்களில் சகஜம்.

பினியன் கோணம்தான் தப்பென்றால், லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு போடலாம்.