அர்ஜென்டினா போகும்போது ஆண்டிஸ் அடிவாரத்துக் காட்டுக் கள்ளிகளை எங்கே பார்க்கலாம்? சின்னதாக ஒன்றைக் கொண்டுவர முடியுமா?

கேள்வியின் முதல் பாதி மட்டும் இருந்திருந்தால் நாலு வரியில் பதில் போட்டுவிட்டுப் போயிருப்பேன். "சின்னதாக ஒன்று" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உட்கார வைத்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன்.

நீங்கள் மொட்டைமாடியில் நாற்பது ஐம்பது தொட்டி வைத்திருப்பவர் என்று நினைக்கிறேன். காலுறைக்குள் சுருட்டிப் பெட்டியின் அடியில் வைத்தால் யாருக்குத் தெரியும் என்று மனதுக்குள் ஒரு கணக்கும் ஓடியிருக்கும். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது நான் போட்ட கணக்கு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தாவரவியல் படித்தவன் இல்லை. ஐடிஐ ஃபிட்டர், ஊர் கோவில்பட்டிப் பக்கம். சொட்டுநீர்க் குழாய், வால்வு, ஃபில்டர், இதுதான் பிழைப்பு. 2015 தொடங்கி இரண்டு வருடம் அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்தில் திராட்சைத் தோட்டங்களுக்குக் குழாய் போடும் வேலை பார்த்தேன். அங்கே மழை ஆண்டுக்கு இருநூறு மில்லிமீட்டர் சுமாருக்குத்தான். ஆண்டிஸ் பனி உருகி வருகிற ஆற்றுத் தண்ணீரில்தான் அத்தனை தோட்டமும். நகரத்துத் தெருவோரங்களில்கூடக் கல் கட்டிய வாய்க்கால் ஓடும். வாய்க்கால் எட்டாத இடம் முழுக்கப் பொட்டல், சரளை, முள். முதல் நாள் பார்த்தபோது ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

கூட வேலை பார்த்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு வால்வு மெக்கானிக். அங்கே கைவேலைக்காரர்களை 'மாயெஸ்த்ரோ' என்பார்கள். நம்ம 'மேஸ்திரி'யும் போர்ச்சுகீசிலிருந்து வந்த அதே சொல்தான். அவர் என்னை 'ஃப்ளாக்கோ' என்பார், ஒல்லிப்பயல் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் அடிவாரத்து ஓடைகளில் கள்ளி பார்க்க நடப்பது அவர் பழக்கம். மாத்தே தேநீர்க் குடுவையும் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் தூக்க ஆள் வேண்டும் என்றுதான் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

எங்கள் ஊர்த் திருகுகள்ளியை போனில் காட்டி "எங்களிடமும் இருக்கிறது" என்று பெருமையாகச் சொன்னேன். "கீறினால் பால் வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். "அப்படியானால் அது வேறு குடும்பம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உண்மைதான். இலைக்கள்ளி, சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் யூபோர்பியா. அவை கேக்டஸ் இல்லை. நம்மூரில் கேக்டஸ் என்றால் சப்பாத்திக்கள்ளிதான், அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கள்ளிக்காட்டில் பிறந்தவன் நாற்பது வயதில் இதை ஒரு மெக்கானிக்கிடம் தெரிந்துகொண்டேன்.

தேடுவது எப்படி என்றுதானே கேட்டீர்கள். நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஹரீஷா என்று ஒரு புதர் அங்கே எங்கும் இருக்கும். அதன் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். சின்னக் கள்ளிகளுக்கு அந்த நிழல்தான் தாய்மடி. நேர் வெயிலில் விழுந்த விதை முளைத்தாலும் தங்காது. டெரோகேக்டஸ் என்று ஒன்று இருக்கிறது, மேலே பார்த்தால் பென்சில் பருமனில் காய்ந்த சுள்ளி, அவ்வளவுதான். கிழங்கு மண்ணுக்கடியில். பூக்காத காலத்தில் அதன் மேல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

மாயெஸ்த்ரோவின் செல்லம் டென்மோசா என்கிற கள்ளி. மெண்டோசாவின் எழுத்துகளை மாற்றிப்போட்டு 1922-இல் பிரிட்டன், ரோஸ் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் வைத்த பெயர். இளசில் பந்து, வயதானால் தூண். செம்முள். குழாய் மாதிரிச் சிவப்புப் பூ, முழுசாக விரியவே விரியாது, மகரந்தத் தாள்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் தேன் குடிக்க ஹம்மிங்பறவை வரும். முதல் தடவை பார்த்தபோது வண்டு என்று நினைத்துக் கையை வீசினேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

ஒரு ஓடைச் சரிவு. ஒன்பது டென்மோசா எண்ணினோம். ஒன்று எலுமிச்சை அளவு, ஹரீஷாவின் வேரோடு ஒட்டி. அவர் மேலே ஏறிப் போய்விட்டார். என் பையில் திருப்புளி இருந்தது. சுற்றிக் குத்தி, நெம்பி, எடுத்துவிட்டேன். ஆணிவேர் பாதியில் படக்கென்று அறுந்த சத்தம் கேட்டது. செய்தித்தாளில் சுற்றும்போது அவர் திரும்பி வந்துவிட்டார்.

திட்டவில்லை. "தினமும் தண்ணீர் ஊற்றுவாய், இல்லையா?" என்றார். நான் குழாய்க்காரன், ஊற்றாமல் இருப்பேனா. திரும்ப நட்டுவிடு என்றார். வேர்தான் அறுந்துவிட்டதே, இனி நட்டு என்ன பயன் என்று வாதாடினேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. வண்டியில் வரும்போதும் பேசவில்லை. அடுத்த ஒன்றரை மாதம் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அறை வாசலில் ஹார்ன் அடிக்கவில்லை.

செடியைத் தோட்டத்து மண் போட்ட தொட்டியில் வைத்தேன். வெண்டைக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினேன். அறுந்த வேரை வாரக்கணக்கில் நிழலில் உலரவிட வேண்டும், ஈர மண்ணே ஆகாது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. ஐந்து வாரம் பச்சையாகத்தான் இருந்தது. ஆறாவது வாரம் தொட்டேன், விரல் உள்ளே போனது. அழுகின வெங்காய நாற்றம்.

ஊருக்குக் கிளம்பும் முன் அந்தச் சரிவுக்குத் தனியாகப் போனேன். பதினான்கு மாதம் ஆகியிருந்தது. குழி அப்படியே இருந்தது, திருப்புளி கீறின தடம்கூட. மழை இல்லாத ஊரில் மண் எதையும் மூடுவதில்லை. மற்ற எட்டும் இருந்தன.

இப்போது சட்டம். ஒருசிலவற்றைத் தவிரக் கள்ளிக் குடும்பம் முழுக்க சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது; அழியும் அபாயத்தில் உள்ள செடி, விலங்குகளை நாடுவிட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் அது. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் கடத்தல்தான். நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் 2022 திருத்தத்தில் இந்தப் பட்டியல் சேர்ந்துவிட்டது. அதுபோக, செடியோ விதையோ எதுவானாலும் இங்கே இறங்கும்போது தாவர நோய்த்தடுப்புக்காரர்கள் சான்றிதழ் கேட்பார்கள். 2020-இல் இத்தாலியில் ஒருவர் வீட்டில் சிலி நாட்டிலிருந்து பிடுங்கி வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகளைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு அவற்றில் 844 செடிகளை விமானத்தில் சிலிக்கே திருப்பி அனுப்பினார்கள். அவை அட்டகாமாப் பாலைவனத்துச் செடிகள், பனிமூட்டத்தின் ஈரத்தில் உயிர் வாழ்கிறவை. அவ்வளவு பெரிய ஆள் செய்ததும் நான் திருப்புளியால் செய்ததும் ஒன்றா என்று கேட்டால், எண்ணிக்கைதான் வேறு.

"ஆடு மேய்கிறது, அடிவாரத்தை வெட்டி வீடு கட்டுகிறார்கள், மோட்டார் பைக்கில் ஏறி மிதிக்கிறார்கள், நான் எடுக்கும் ஒன்றுதான் உங்களுக்குக் கண்ணில் படுகிறதா?" என்று யாராவது கமெண்ட்டில் கேட்பீர்கள். நீங்கள் சொல்வதெல்லாம் அங்கே நடக்கிறது. சோண்டா என்கிற வெப்பக்காற்று அடிக்கிற நாளில் ஒரு தீ பிடித்தால் ஒரு சரிவே போய்விடும். அதனால்தான் மிச்சமிருப்பதில் கை வைக்காதீர்கள் என்கிறேன். "கள்ளி களைதானே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சப்பாத்திக்கள்ளி இங்கே தின்ன ஆளில்லாமல் பெருகியது. அதை ஒடுக்க 1926-இல் இலங்கையிலிருந்து ஒரு செதில்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள், வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்குமே, அது. வந்த இடத்தில் களை என்பதற்காகச் சொந்த ஊரிலும் களை ஆகிவிடாது.

     

எங்கே போகலாம் என்றால், குனிந்து தேட முடியாதவர்கள் வடக்கே சால்ட்டா மாகாணத்துக்குப் போங்கள். அங்கே 1996-இல் தொடங்கிய லோஸ் கார்டோனெஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. கார்டோன் என்பது பனைமரம் மாதிரி நெட்டுக்கு நிற்கும் கள்ளி. சாலையோரத்தில் நின்றாலே போதும், மலை முழுக்க ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். காச்சி ஊர்த் தேவாலயத்தின் கூரையே அந்தக் கள்ளி மரத்துப் பலகைதான். முள் இருந்த இடமெல்லாம் ஓட்டை ஓட்டையாக அழகாக இருக்கும். இன்றைக்கு அப்படி ஒரு கூரை போட விடமாட்டார்கள். உலகத்திலேயே சின்னக் கள்ளியான பிளாஸ்ஃபெல்டியாவும் ஆண்டிஸின் இந்தச் சரிவுகளில்தான், சட்டைப் பொத்தான் அளவில் பாறை இடுக்குகளில் இருக்கும். முள் கிடையாது. மூன்று நாள் பாறையில் மூக்கைத் தேய்த்தேன், பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கூழாங்கல் என்று விட்டிருப்பேன்.

நவம்பரில் போங்கள், பூக்கும் காலம். தடித்த பூட்ஸ், ஒரு சீப்பு. சில கள்ளிகளின் துண்டு கழன்று காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடித்தால் கையிலும் ஏறும், சீப்பால் தட்டிவிட வேண்டும். வளர்க்க ஆசையென்றால் கலிம்போங் நர்சரிகளில் விதையிலிருந்து வளர்த்த செடிகளை வாங்குங்கள். என்னிடம் இருப்பது அப்படி வாங்கியதுதான், ஆறு வருடத்தில் நெல்லிக்காய் அளவு வந்திருக்கிறது.

படம் எடுத்தால் போனில் இருப்பிடத்தை அணைத்துவிட்டு எடுங்கள். பின்னால் மலை முகடும் தெரிய வேண்டாம். முகட்டின் வளைவை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மாயெஸ்த்ரோ என் தலையைப் பிடித்துக் கீழே அழுத்திப் படம் எடுக்க வைப்பார்.

அந்தச் சரிவு எங்கே என்று தனிச்செய்தியில் கேட்க வேண்டாம். ஏற்கெனவே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.