வெயிலில் வாய் பிளக்கும் மீன்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு விட்டிருக்கிறேன். மே மாதத்தில் விடிகாலையில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பசியா?

பதில்: பசி இல்லை தம்பி, மூச்சுத் திணறல். அந்த நேரத்தில் தீவனம் போட்டுவிடாதீர்கள். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை நிற்கும். 30 டிகிரியில் ஏழரைதான். மீனின் உடம்புச் சூடோ தண்ணீரோடு சேர்ந்தே ஏறும். ஏறினால் அதற்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை. வரவு குறைந்து செலவு கூடுகிற காலம் இது. இரவு முழுக்கப் பாசியும் அதே ஆக்சிஜனை எடுப்பதால் விடியும்போது மிச்சம் ரொம்பக் குறைவு.

கரையில் நின்று பலமாகக் கையைத் தட்டிப் பாருங்கள். சட்டென்று முங்கினால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. தட்டியும் நகராமல் நின்றால் உடனே ஏரேட்டரை, அதாவது தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவியை, ஓட விடுங்கள். அது இல்லாவிட்டால் மோட்டார் போடுங்கள். ஆனால் போர் தண்ணீரிலேயே ஆக்சிஜன் குறைவு. குழாய் வாயில் ஒரு தகரம் வைத்து, அதில் மோதிச் சிதறி விழும்படி விடுங்கள்.

கேள்வி: கோடை மழை பெய்த மறுநாள் காலை மீன்கள் செத்து மிதந்தன. மழையில் விஷம் இருக்குமா?

பதில்: மழையைக் குறை சொல்ல வேண்டாம். வெயிலில் மேல் தண்ணீர் சூடாகி லேசாக மிதக்கும், அடித் தண்ணீர் குளிர்ந்து தனியாகக் கிடக்கும். மழை மேல் தண்ணீரைக் குளிர வைத்ததும் அது கீழே இறங்கும். சேற்றோடு கிடந்த ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் மேலே கலந்துவிடும். நானும் ஒரு முறை கூடை கூடையாக அள்ளிப் புதைத்திருக்கிறேன். அதிலிருந்து, மேகம் திரண்டாலே அன்று சாயங்காலத் தீவனத்தை நிறுத்திவிடுவேன்.

கேள்வி: மார்கழியில் தவிடும் புண்ணாக்கும் அப்படியே மிஞ்சுகிறது. நோயா?

பதில்: பெரும்பாலும் குளிர்தான். கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்கள் 25 முதல் 32 டிகிரி வரை நன்றாகத் தின்னும். 20-க்குக் கீழே மந்தமாகிவிடும். தீவனத்தைப் பாதியாக்கி, வெயில் ஏறிய பிறகு போடுங்கள். மிஞ்சியது அழுகினால்தான் நோய் வரும்.

கேள்வி: நீலகிரி டிரவுட் மீனை எங்கள் ஊர்க் குளத்தில் வளர்க்கலாமா, ஐயா? நான் மதுரைப் பக்கம்.

பதில்: வேண்டாம். அதற்கு ஏற்றது 10 முதல் 16 டிகிரி. நீலகிரியின் அவலாஞ்சியில் 1907-இல் அதற்குக் குஞ்சு பொரிப்பகம் அமைத்ததே அங்குள்ள குளிர்ந்த ஓடைகளை நம்பித்தான். உங்கள் ஊருக்கு விரால் பொருத்தம். மேலே வந்து காற்றையே சுவாசிக்கும்.

கேள்வி: தொட்டித் தண்ணீர் மாற்றியதும் ஃபைட்டர் மீன் அடியில் படுத்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினீர்களா? திடீரென்று சூடு மாறினால் மீன் அதிர்ந்துபோகும். அதற்கு 24 முதல் 28 டிகிரி வேண்டும், குளிர்காலத்தில் சின்ன ஹீட்டர் ஒன்று போடுங்கள். இனிமேல் குளோரின் நீக்கிய தண்ணீரைத் தொட்டி பக்கத்திலேயே ஒரு நாள் வைத்திருந்து, கால் பங்கு மட்டும் மாற்றுங்கள். இன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டு அதைத் தொந்தரவு செய்யாமல் விடுங்கள்.