இடது இதயவறையின் சுருக்கத்தைச் சாதாரண மடிக்கணனியில் மாதிரியாக்க முடியுமா?

கேள்வி: திருகோணமலை வளாகத்தில் இறுதியாண்டு கணனி விஞ்ஞானம் படிக்கிறேன். இதயம் சுருங்கி விரிவதைக் கணனியில் மாதிரியாக்குவதை ஆய்வுத்திட்டமாக எடுக்க விருப்பம். கையில் 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணனி மட்டுமே உண்டு. எங்கிருந்து தொடங்குவது, எங்கே சறுக்கும்?

பதில்:

முடியும். ஆனால் முழு இதயத்தை எடுக்காதீர்கள், இடது இதயவறை ஒன்றே போதும். நான்கு அறைகளையும் வால்வுகளையும் இரத்த ஓட்டத்தையும் சேர்த்தால் அது ஒரு குழு பல ஆண்டுகள் செய்யும் வேலை. வடிவத்தைச் சிறு துண்டங்களாகப் பிரித்தே கணனி கணக்கிடும். இதயவறை மட்டும் என்றால் சில ஆயிரம் நான்முகித் துண்டங்களில் அடங்கிவிடும், 8 ஜிபி தாராளம்.

மென்பொருளுக்கு இரண்டு வழி. சமன்பாட்டை நீங்களே எழுத விரும்பினால் ஃபெனிக்ஸ் (FEniCS), வடிவத்தைத் துண்டங்களாலான வலையாக்க ஜிமெஷ் (Gmsh). விண்டோஸில் என்றால், அதற்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். வசதி வழியாக உபுண்டு போட்டு அதற்குள் நிறுவுங்கள். ஃபெனிக்ஸின் பழைய டொல்பின் பதிப்புக்கு எழுதிய நிரல் புதிய டொல்பின்-எக்ஸில் அப்படியே ஓடாது. இணையத்தில் கிடைக்கும் பாடம் எந்தப் பதிப்புக்கு என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள். நிரல் எழுதாமல் செய்ய நினைத்தால் ஃபெபயோ (FEBio) நல்லது.

முதல் நாளே இதய வடிவத்தில் கைவைக்க வேண்டாம். 2015-இல் பல ஆய்வுக் குழுக்கள் தங்கள் நிரல்களை ஒப்பிட மூன்று சோதனைக் கணக்குகளை வெளியிட்டன. முதலாவது 10×1×1 மி.மீ. தண்டு. ஒரு முனை அசையாது, கீழ்ப்பக்கத்தில் 0.004 கிலோபஸ்கால் அமுக்கம். தசை இழுபடும்போது எவ்வளவு விறைக்கும் என்று சொல்லும் குச்சோனே விதியில் அடிப்படை விறைப்பு 2 கிலோபஸ்கால், தசைநாரின் திசைக்கு 8, குறுக்குக்கு 2, சறுக்கு விகாரத்துக்கு 4 (கடைசி மூன்றுக்கும் அலகில்லை). சரியாகச் செய்தால் சுயாதீன முனையின் மேல்விளிம்பு 4 மி.மீ.ஐச் சற்றுத் தாண்டிய உயரத்துக்கு வளையும். அது இறுதி உயரம், இடப்பெயர்ச்சி அல்ல. தொடக்கத்தில் அந்த விளிம்பு 1 மி.மீ.இல் இருந்ததை மறந்து ஒப்பிட்டால் விடை பிழை என்று தோன்றும்.

உங்கள் தண்டு இதைவிட மிகக் குறைவாக வளைந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். முதலாவது, நேர்கோட்டு நான்முகிகள். இதயத்தசை ஏறத்தாழ அமுங்காத பொருள். ஒவ்வொரு சிறு துண்டமும் தன் கனவளவைக் காக்க முயலும்போது வளைவதற்கு இடமில்லாமல் வலை முழுதும் இறுகிவிடும். துண்டத்துக்குள் இடப்பெயர்ச்சிக்கு இரண்டாம் படிப் பல்லுறுப்பியும் உள் அமுக்கத்துக்கு முதலாம் படியும் வைத்தால் இது தீரும். இரண்டாவது, அமுக்கம் எப்போதும் மேற்பரப்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். பலர் தொடக்க வடிவின் செங்குத்துத் திசையையே கடைசிவரை வைத்திருக்கிறார்கள். வடிவம் மாற மாற அந்தத் திசையும் மாற வேண்டும்.

தண்டு சரிவந்த பிறகு நீள்கோள வடிவம். நார்களின் சாய்வை உட்சுவரில் +60 பாகையிலிருந்து வெளிச்சுவரில் −60 பாகை வரை சீராக மாற்றுங்கள். உண்மை இதயத்திலும் ஏறக்குறைய இப்படித்தான். நார்கள் சுமார் 15 வீதம்தான் குறுகுகின்றன, ஆனால் அறை தன் இரத்தத்தில் 60 வீதமளவு வெளித்தள்ளுகிறது. இந்த எதிரெதிர்ச் சாய்வும் சுவர் தடிப்பதும் சேர்ந்து செய்யும் வேலை அது, ஈரத்துணியைப் பிழிவது போல.

இந்தத் துறைக்குப் புதியவர்கள் தசைச் சமன்பாட்டோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். விடை பெரும்பாலும் பிழைப்பது அங்கே அல்ல: தொடக்க வடிவத்திலும், விளிம்பைப் பிடித்துவைத்த விதத்திலும்தான்.

தொடக்க வடிவம் ஏன் சிக்கல் என்றால், எம்.ஆர்.ஐ. படத்தில் நாம் காணும் இதயவறை ஏற்கெனவே இரத்தம் நிறைந்து இழுபட்டது. அதைத் தகைப்பற்ற வடிவமாக எடுத்து அமுக்கம் கொடுத்தால் இரண்டாம் முறை ஊதிவிடுகிறீர்கள். கிளொட்ஸ் குழுவின் 2006 சூத்திரம் இங்கே கைகொடுக்கும்: நிரம்பிய கனவளவை, 0.6 கழித்தல் 0.006 தர அமுக்கம் (இரச மில்லிமீற்றரில்) என்பதால் பெருக்குங்கள். 120 மி.லீ., 10 இரச மில்லிமீற்றர் என்றால் 120 × 0.54, அதாவது 65 மி.லீ. அளவே அமுக்கமற்ற கனவளவு. ஏறக்குறைய பாதி! வடிவத்தைப் பெற, படத்து வடிவிலிருந்தே தொடங்கி 1.33 கிலோபஸ்காலுக்கு ஊதி, வலையின் ஒவ்வொரு கணுவும் படத்திலிருந்து எவ்வளவு விலகியதோ அவ்வளவைத் தொடக்க வடிவிலிருந்து கழித்து, மீண்டும் ஊதுங்கள். விலகல் அற்பமாகும்வரை இதைத் திருப்பிச் செய்ய வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நார்த்திசையைப் புதிய வடிவில் மறுபடி கணிக்க வேண்டும், இதை விட்டுவிடுபவர்கள் அதிகம்.

அடுத்தது விளிம்பு. வால்வுகள் இருக்கும் மேல்விளிம்பை, அதாவது வால்வுத் தளத்தை, முற்றாக அசையாமல் பூட்டுவது வசதி, ஆனால் அப்போது இதயவறையின் கீழ்நுனியான கூர்முனை மேலேறும். உயிருள்ள இதயத்தில் கூர்முனை ஏறத்தாழ நிற்க, வால்வுத் தளமே ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் கீழிறங்குகிறது. வெளிச்சுவரில், சுவருக்குச் செங்குத்தான திசையில் மட்டும் வில் (ஸ்பிரிங்) போன்ற தடையை வையுங்கள், அது இதயத்தைச் சூழ்ந்த உறையின் வேலையைச் செய்யும். தளத்தைத் தளர்வான வில்லில் விடுங்கள்.

சுருக்கத்துக்கு, நார்த்திசையில் உச்சம் 60 முதல் 100 கிலோபஸ்கால் வரையான செயல் தகைப்பை (தசை தானே உண்டாக்கும் இழுவையை) நேரத்தோடு ஏற்றி இறக்கினால் தொடக்கத்துக்குப் போதும். மின்தூண்டல் கணக்கைப் பிறகு பார்க்கலாம். இரத்தம் போய்ச்சேரும் பெருநாடிப் பக்கத்துக்கு, நாடிகளை விரியும் ஓர் அறையாகவும் தடையாகவும் சுருக்கிக் காட்டும், 1899-இல் ஒட்டோ பிராங்க் தந்த காற்றறை மாதிரியின் மூன்று உறுப்பு வடிவம்: புறத்தடை 1.1, கொள்ளளவு 1.5, நுழைவுத் தடை 0.05 என்று தொடங்குங்கள் (அலகுகள் மி.லீ., இரச மில்லிமீற்றர், செக்கன்). இரண்டு வால்வும் மூடியிருக்கும் கட்டத்தில் அமுக்கம் தறிகெட்டு ஊசலாடும். கனவளவில் மிகச் சிறு பிழையும் அமுக்கத்தில் பெரும் பாய்ச்சலாவதே காரணம். அமுக்கத்தை ஊகித்துக் கொடுக்காமல், கனவளவை நிலையாக வைத்து அமுக்கத்தையும் தெரியாக் கணியமாகத் தீருங்கள். கனவளவை உட்சுவர் மேற்பரப்புத் தொகையீட்டால் கணிக்கும்போது வால்வுத் தளம் ஆள்கூற்று உற்பத்தியில் இல்லையென்றால் மூடியையும் சேர்க்க வேண்டும். அலகையும் கவனியுங்கள்: 1000 கன மி.மீ. ஒரு மி.லீ.

உண்மையான படங்கள் வேண்டுமெனில் 150 பேரின் எம்.ஆர்.ஐ. கொண்ட ஏ.சி.டி.சி. (ACDC) 2017 தொகுப்பே நல்லது. வைத்தியசாலைப் படங்களுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், இறுதியாண்டு நேரம் அதிலேயே கரைந்துபோகும். படத்தின் வெட்டுகள் 5 முதல் 10 மி.மீ.க்கு ஒன்றாகவே இருக்கும், ஆகவே மேற்பரப்பு படிக்கட்டாக வரும். வலையாக்குவதற்கு முன் அதை வழவழப்பாக்குங்கள்.

மாரியில் மின்சாரம் போய்வரும் ஊர் நம்முடையது. சில படிகளுக்கு ஒருமுறை நிலையைச் சேமியுங்கள். இடப்பெயர்ச்சி மட்டும் போதாது. செயல் தகைப்பு, காற்றறை அமுக்கம், முந்தைய படியின் கனவளவு எல்லாம் வேண்டும். இல்லாவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது.

கடைசியாக ஒரு சோதனை. கூர்முனைப் பக்கமிருந்து பாருங்கள்: சுருங்கும்போது கூர்முனை இடஞ்சுழியாகத் திரும்ப வேண்டும், வால்வுத் தளத்தோடு ஒப்பிட்டால் முறுக்கு 10 பாகையைத் தாண்ட வேண்டும். வலஞ்சுழியாகத் திரும்பினால் நார்ச்சாய்வின் குறி மாறிக் கிடக்கிறது. சமச்சீரான நீள்கோளத்தில் இந்தப் பிழையால் வெளித்தள்ளும் வீதம் சிறிதும் மாறாது. எனவே அந்த எண்ணை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.