இரண்டரை மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, டாக்டர்!

கேள்வி: எனக்கு 54 வயது. நீடாமங்கலம் பக்கம் விவசாயம். குறுவை அறுத்த நெல் மழையில் நனைந்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்காமல் பத்து நாள் களத்திலேயே கிடந்தது. ஒருவழியாக விற்றாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து இரண்டரைக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை புரள்கிறேன். எட்டரைக்கே படுத்தும் பயனில்லை. மதியம் சாப்பிட்டதும் இரண்டு மணி நேரம் அசந்துவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் தூக்க மாத்திரையில் பாதி தருகிறேன் என்கிறார். ஜாதிக்காய்ப் பால் குடித்தால் போதுமா?

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம் ஐயா. எட்டரையிலிருந்து இரண்டரை, ஆறு மணி நேரம். மதியம் இரண்டு. ஆக எட்டு. உங்கள் வயதுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அது கிடைத்துவிடுகிறது, இரண்டு துண்டாக. அதனால் சீக்கிரம் படுக்காதீர்கள். பத்து மணிக்குப் படுங்கள். எப்படித் தூங்கியிருந்தாலும் ஐந்துக்கு எழுந்துவிடுங்கள். வெயில் முகத்தில் படும்படி வரப்பில் அரை மணி நேரம் நடங்கள். உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைத் திருத்துவது அந்த வெளிச்சம்தான். மதியத் தூக்கம் அரை மணியோடு சரி. காபியும் டீயும் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். குடித்து ஐந்தாறு மணி நேரமானாலும் அதன் வேகத்தில் பாதி உடம்பில் நிற்கும்.

நடுவில் முழித்தால் புரளாதீர்கள். இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் திண்ணையில் போய் உட்காருங்கள், செல்போனை எடுக்காமல். கண் சொருகும்போது வந்து படுத்தால் போதும்.

ஜாதிக்காய் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். அதிகமானால் படபடப்பும் குழப்பமும் வரும். அடுத்தவர் மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள்.

ஆனால் உங்களை எழுப்புவது நெல்தான் என்று நினைக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஒரத்தநாடு பக்கம் எங்கள் அப்பாவின் தென்னந்தோப்பு ஒரே இரவில் சாய்ந்தது. அப்புறம் மாதக்கணக்கில் மூன்று மணிக்கு எழுந்து, விழுந்த மரங்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டு கிடப்பார். அம்மாதான் வழி கண்டுபிடித்தார். விளக்கு வைத்ததும் அன்றைய காலண்டர் தாளைக் கிழித்துப் பென்சிலோடு அப்பாவிடம் தருவார். யாருக்கு எவ்வளவு தரணும், நாளைக்கு என்ன வேலை, எல்லாவற்றையும் அதன் பின்பக்கம் எழுதவேண்டும். மடித்து, நெல் அளக்கும் மரக்காலுக்குள் போட்டுவிடுவார்கள். ராத்திரி முழித்தால், “மரக்கால்ல இருக்கு, காலையில பாத்துக்கலாம்” என்று அப்பா தனக்குத்தானே சொல்வது எனக்கே கேட்டிருக்கிறது. நீங்களும் இன்றைக்கே தொடங்குங்கள்.

ஒன்று கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு இறங்காமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். விடியுமுன் முழிப்பதும் அதன் அடையாளம்தான். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். “இருந்து என்ன” என்ற எண்ணம் ஒருதரம் வந்தாலும் உடனே 14416-க்குப் பேசுங்கள். அது டெலி மானஸ், இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் முழித்துக் கிடப்பது உங்கள் வீட்டம்மாவுக்குத் தெரியுமா என்று கடிதத்தில் இல்லை. தெரியாதென்றால் இன்று சாயங்காலமே சொல்லிவிடுங்கள். அந்தக் காலண்டர் தாளை அவரே கிழித்துக் கொடுக்கட்டும்.