நுரையீரல், ஸ்பைரோமெட்ரி, ஆஸ்துமா மருந்துகள்: மூன்றையும் ஒரே மூச்சில் படிப்பது எப்படி?

நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உடற்கூறு தனியாக, பரிசோதனை தனியாக, மருந்து தனியாக மனப்பாடம் செய்கிறேன். தேர்வில் எல்லாம் கலந்துவிடுகிறது. என்ன செய்வது?"

என் கதையும் அதேதான். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "முழுக்க ஊதிய பிறகும் நுரையீரலில் மிஞ்சும் காற்றை எப்படி அளப்பாய்?" என்று கேட்டார்கள். "ஸ்பைரோமீட்டரில்" (ஊதும் காற்றை அளக்கும் கருவி) என்றேன், பெரிய தைரியத்தோடு. "வெளியே வராத காற்று அந்தக் கருவிக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டார் தேர்வாளர். பதில் இல்லை. (ஹீலியம் முறை, அல்லது ஆளையே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைக்கும் பிளெத்திஸ்மோகிராபி.) அன்றைக்குப் பிறகு பட்டியலை மூடிவைத்துவிட்டு மூச்சுக்குழாயின் சுவரிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. வலது பிரதான மூச்சுக்கிளை அகலம், நேராக இறங்கும். அதனால் தவறி உள்ளே போகும் பொருள் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேரும். இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. நேரம் செலவழிக்க வேண்டிய இடம் அதற்குக் கீழே. மூச்சுக்குழாய் ஏறக்குறைய 23 முறை கிளை பிரிகிறது. முதல் 16 வெறும் குழாய்தான், அங்கே வாயுப் பரிமாற்றம் கிடையாது. அமைதியாக இழுக்கும் 500 மி.லி. மூச்சில் சுமார் 150 மி.லி. அந்தக் குழாய்களிலேயே நின்றுவிடுகிறது. பெரிய குழாய்களைக் குருத்தெலும்பு தாங்கிப் பிடிக்கும். நுண்குழாய்களான பிராங்கியோல்களில் அது இல்லை, ஆனால் தசை இருக்கிறது. தாங்கக் குருத்தெலும்பு இல்லாத இடத்தில் தசை இறுக்கினால் என்ன ஆகும்? ஆஸ்துமா அங்கேதான் தொடங்குகிறது.

அந்தச் சுவரில் மூன்று கோளாறு நடக்கும்: தசை சுருங்கும், உட்படலம் வீங்கும், சளி அடைக்கும். மூன்றும் சேர்ந்து குழாயின் ஆரத்தைக் குறைக்கின்றன. சீரான ஓட்டத்தில் ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு. மூச்சை இழுக்கும்போது நுரையீரல் விரிந்து குழாய்களையும் திறந்து பிடிக்கும். விடும்போது அந்தப் பிடி தளர்ந்துவிடும். அதனால்தான் வீசிங் பெரும்பாலும் வெளிமூச்சில் கேட்கிறது, பரிசோதனையிலும் ஊதச் சொல்கிறார்கள்.

இப்போது ஸ்பைரோமெட்ரி புரியும். முழுக்க இழுத்து, வேகமாக முழுக்க ஊதினால் வரும் மொத்தம் எஃப்.வி.சி. முதல் ஒரு நொடியில் வந்தது எஃப்.இ.வி.1. குழாய் குறுகியிருந்தால் முதல் நொடியின் பங்கு விழும், எஃப்.இ.வி.1-ஐ எஃப்.வி.சி.யால் வகுத்த விகிதம் 0.7-க்குக் கீழே போனால் அடைப்பு என்பது பொதுவான அளவுகோல். நுரையீரலே விரியாத நோய்களில் இரண்டும் சேர்ந்து குறையும், விகிதம் அப்படியே நிற்கும் அல்லது கூடும். அப்புறம் தசையைத் தளர்த்தும் சால்பியூட்டமால் கொடுத்து 15 நிமிடம் பொறுத்து மறுபடி ஊத வைப்பார்கள். எஃப்.இ.வி.1 12 சதவீதமும் 200 மி.லி.யும் கூடினால் தசை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மருந்தையே சோதனைக் கருவியாக்குவது எனக்கு இன்றும் பிடித்த தந்திரம். ஒன்று மட்டும்: அறிகுறி இல்லாத நாளில் ஊதினால் ஆஸ்துமாக்காரருக்கும் எல்லாம் இயல்பாகவே வரலாம்.

மருந்துக்கு வருவோம். ஒவ்வொரு பெயரையும் பார்த்து "இது சுவரில் எதைத் தொடுகிறது?" என்று கேளுங்கள். சால்பியூட்டமால் தசையை: சில நிமிடத்தில் வேலை, நாலு முதல் ஆறு மணி நேரம். ஃபார்மோடெராலும் சால்மெடெராலும் தசையைத்தான், 12 மணி நேரம்; ஃபார்மோடெரால் சீக்கிரம் ஆரம்பிக்கும், சால்மெடெரால் மெதுவாக. இப்ராட்ரோபியமும் தசைதான், வேறு வாசல் வழியாக. பியூடசோனைட் போன்ற ஸ்டீராய்டுகள் வீக்கத்தை. பலன் தெரிய நாட்கள் ஆகும். மாண்டெலுகாஸ்ட் வீக்கம் உண்டாக்கும் லூக்கோட்ரையீன்களைத் தடுக்கும். மனநிலை மாற்றம் பற்றிய எச்சரிக்கையையும் சேர்த்துப் படியுங்கள்.

"ஆஸ்துமாவில் சால்மெடெராலைத் தனியாக ஏன் தருவதில்லை?" வைவாவின் செல்லக் கேள்வி இது. தசை தளரும், நோயாளிக்குச் சுகமாக இருக்கும். உள்ளே வீக்கம் மட்டும் யாருக்கும் தெரியாமல் வளரும். சால்பியூட்டமாலை மட்டுமே நம்பியிருப்பதிலும் இதே சிக்கல்தான். 2019 முதல் ஜினா (ஆஸ்துமாவுக்கான உலகளாவிய அமைப்பு) வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைப்பதில்லை.

செய்முறைத் தேர்வுக்கு இன்ஹேலரைக் கையில் எடுத்துப் பழகுங்கள். ஸ்ப்ரே வகையை மெதுவாக, ஆழமாக இழுத்து 10 நொடி பிடிக்க வேண்டும். பவுடர் வகையை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேர் இதை மாற்றித்தான் செய்து காட்டினோம். ஸ்டீராய்டு என்றால் கடைசியில் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாயில் வெண்பூஞ்சை படியலாம். அதற்கும் தனி மதிப்பெண் வைத்திருந்தார்கள்.